ஆயிரம் காதுகளுக்கு ஒரே கடிகாரம்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் தென்னேரி என்று ஓர் ஊர் உண்டு. ஏரியின் பெயரே ஊருக்கும் பெயராயிற்று. திரையனேரி என்பதுதான் தென்னேரி என்று மருவியது என்றும், தொண்டைமான் இளந்திரையனின் பெயரை அது தாங்கி நிற்கிறது என்றும் சொல்வார்கள். அந்த வட்டாரத்தில் ஏரிகள் தனித்தனியே இருப்பவை அல்ல. மேலேரி நிரம்பினால் கலங்கல் வழியாக நீர் வழியும்; கால்வாயில் ஓடிக் கீழேரியைச் சேரும். ஏரிகளைக் கண்காணிப்பதும் அங்கே புதிதல்ல. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஊர் வாரியங்களைப் பற்றிப் பேசும்போது ஏரி வாரியத்தையும் குறிப்பிடுகின்றன.

இப்படித் தொடராக அமைந்த இரண்டு ஏரிகளை மனத்தில் கொள்ளுங்கள். இடையே கால்வாயின் நீளம் 6 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் மேலேரியின் கலங்கலில் ஒருவர், கீழேரியின் வாயில் மற்றொருவர், ஆளுக்கொரு கைக்கடிகாரத்துடன் நிற்கிறார்கள். வெள்ளம் காலை 6 மணிக்குப் புறப்பட்டது என்று முதலாமவர் எழுதுகிறார். அது 8 மணிக்கு வந்து சேர்கிறது. வேகம் மணிக்கு 3 கிலோமீட்டர். ஆனால் இரண்டாமவரின் கடிகாரம் அரை மணி பின்தங்கியிருந்தால் அவர் 7.30 என்றுதானே எழுதுவார்? அப்போது வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர் என்று கணக்கு வரும். அந்த இருவரிடமும் குற்றமில்லை. நீர்மட்டக் குச்சியிலும் குற்றமில்லை. குற்றம் இரு கடிகாரங்களுக்கும் இடையே இருக்கிறது!

அளவெடுக்கும் கருவிகளைப் பெருக்கினால் மட்டும் அறிவு பெருகிவிடாது. அவை எல்லாம் ஒரே நேரத்தைச் சொல்ல வேண்டும். எளிதாகத் தோன்றும் இந்த உண்மையைக் கருவிகளுக்குள் நிலைநாட்ட அறிவியலாளர் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பாடுபட்டிருக்கிறார்கள். அந்த வரலாற்றின் சிறப்பான ஓர் அத்தியாயம் நம் நீலகிரி மலையில் எழுதப்பட்டது.

ஒரே காகிதம், பல பேனாக்கள்

ஜெர்மானிய உடலியல் அறிஞர் கார்ல் லுட்விக் 1847ஆம் ஆண்டில் ஒரு கருவியை அமைத்தார். புகைக்கரி பூசிய தாள் சுற்றிய உருளை ஒன்று சீராகச் சுழலும். இரத்த அழுத்தத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஒரு முள் அதன்மேல் கோடு கிழிக்கும். மாறிக்கொண்டே இருக்கும் ஓர் அளவு தன் வரலாற்றைத் தானே எழுதத் தொடங்கியது. அதே உருளையில் இரண்டாவது முள்ளை வைத்து மூச்சையும் பதியலாம். மூன்றாவது முள்ளால் நாடியைப் பதியலாம்.

இவ்வாறு ஒவ்வோர் அளவும் தனியே வந்து பதியும் பாதையைத்தான் ஆங்கில வழக்கில் சானல் என்கிறார்கள். நம் மொழியில் வாய்க்கால் என்றே சொல்லலாம். இக்கட்டுரையில் சுருக்கமாக ‘வழி’ என்போம்.

லுட்விக்கின் உருளையில் ஒரு நன்மை மறைந்திருந்தது. எல்லா முட்களுக்கும் அடியில் ஓடுவது ஒரே காகிதம். எனவே இரண்டு கோடுகளில் எது முன், எது பின் என்பதில் ஐயமே எழாது. அந்தக் காகிதமே பொதுக் கடிகாரம்! ஓர் உருளையில் பத்து முட்களை வைக்கலாம். நூறு வைக்க இடமேது? இரண்டாவது உருளையைக் கொண்டுவந்த அன்றே தொல்லையும் வந்தது. இரண்டு உருளைகள் ஒரே வேகத்தில் சுழலும் என்பதற்கு உறுதி இல்லை.

வழிகளைப் பெருக்க இன்னொரு முறையும் உண்டு. முறைப்பாசனம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரே வாய்க்கால் நீரை, இவருக்கு இவ்வளவு நேரம், அவருக்கு அவ்வளவு நேரம் என்று முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். அதுபோல ஒரே அளவி, முதல் உணர்வியைப் பார்த்து, பின் இரண்டாவதை, பின் மூன்றாவதை என்று சுற்றி வரலாம். கொதிகலனின் வெப்பநிலை போல மெதுவாக மாறுபவற்றுக்கு இது போதும். ஆனால் கண்ணிமைப்பதற்குள் மாறிவிடும் நிகழ்ச்சியை முறை வைத்துப் பார்த்தால் ஒன்றைப் பார்க்கும்போது மற்றது தப்பிவிடும். அங்கே வழிக்கு ஓர் அளவி வேண்டும். எல்லா அளவிகளும் ஒரே கணத்தில் அளக்கவும் வேண்டும்.

பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில் 1965ஆம் ஆண்டில் இத்தகைய ஏற்பாடு ஒன்று நிறுவப்பட்டது. பிரிட்டிஷ் அணுசக்தி நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் நம் அணுசக்தித் துறை அமைத்த நிலநடுக்க நிலையம் அது. இருபது நிலநடுக்கமானிகள் இரு கைகளாகப் பிரிந்து பல கிலோமீட்டர் தூரம் பரவியிருக்கும். அவற்றின் சமிக்ஞைகள் வானொலி அலையில் நடுநிலையத்துக்கு வந்து ஒன்றாகப் பதிவாகும். தொலைதூர அணுகுண்டுச் சோதனையின் அதிர்ச்சி எந்த மானியை முதலில் தொட்டது, எதைப் பின்னர் தொட்டது என்று பார்த்தால் அது வந்த திசை தெரிந்துவிடும். ஒரு மானிக்குத் தெரியாத செய்தி இருபது மானிகளுக்குத் தெரிகிறது. அவற்றுக்கிடையே நேரம் பொதுவாக இருந்தால்!

மலைச்சரிவில் ஒரு பெருங்கருவி

இனி உதகமண்டலத்துக்கு வருவோம். நகருக்கு அருகே முத்தோரையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் வானொலித் தொலைநோக்கி இருக்கிறது. விண்ணிலிருந்து வரும் ஒளியை அல்ல, வானொலி அலைகளைப் பெறும் கருவி இது. இதைத் திட்டமிட்டு உருவாக்கியவர் பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப். ஹோமி பாபாவின் அழைப்பை ஏற்று 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து தாயகம் திரும்பியவர் அவர். தொலைநோக்கி 1970ஆம் ஆண்டில் பணியைத் தொடங்கியது.

இதன் அமைப்பு வியப்பானது. நீளம் 530 மீட்டர்; அகலம் 30 மீட்டர். நீளவாக்கில் வெட்டிய குழாயைப் போன்ற வளைந்த பரப்பு. 24 இரும்புச் சட்டங்கள் தாங்கி நிற்க, அவற்றின்மேல் 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் நெடுகிலும் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. வடக்குத் தெற்காக, சுமார் 11 பாகை சரிந்த மலைச்சரிவில் இதை நிறுத்தியிருக்கிறார்கள். அந்த இடத்தின் அட்சரேகையும் ஏறத்தாழ 11 பாகைதான். ஆகவே தொலைநோக்கியின் நீண்ட அச்சு, பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. பூமி சுழலும் வேகத்தில் கருவியை எதிர்ப்புறம் திருப்பிக்கொண்டே இருந்தால் ஒரே விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகத் தொடர்ந்து நோக்கலாம்.

கம்பிப் பரப்பு அலைகளைக் குவிக்கும் கோட்டில் சிறிய இருமுனை அலைவாங்கிகள் வரிசையாக இருக்கின்றன. தொடக்கத்தில் அவை 968. ஒரு பகுதிக்கு 44 வீதம் 22 பகுதிகள். 1990களின் தொடக்கத்தில் அவை புதுப்பிக்கப்பட்டு, பகுதிக்கு 48 வீதம் 1,056 ஆயின. ஒவ்வோர் அலைவாங்கிக்கும் தனியாக ஒரு பெருக்கி அப்போது சேர்க்கப்பட்டது. எல்லாம் 326.5 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணைக் கேட்பவை. ஆயிரத்துக்கு மேற்பட்ட காதுகள் என்று சொன்னால் மிகையில்லை.

கலந்த நீரைப் பிரிக்க முடியுமா?

ஆயிரம் காதுகள் இருந்தன. ஆனால் ஆயிரம் செய்திகளைத் தனித்தனியே பதிய வசதி இல்லை. வழிக்கு ஒரு முழு வானொலிப் பெட்டியும் பதிவுக் கருவியும் வைக்க 1970இல் யாரால் இயலும்? ஆகவே பொறியாளர்கள் கிளையாறுகள் சேர்ந்து பேராறு ஆவதுபோல் ஓர் அமைப்பைச் செய்தனர். அலைவாங்கிகளின் சமிக்ஞைகள் சேர்ந்து சேர்ந்து, பகுதிக்கு ஒன்றாக 22 சமிக்ஞைகள் ஆகும். அந்த 22 சமிக்ஞைகளையும் நடு அறையில் உரிய முறையில் கூட்டி, வானில் அடுத்தடுத்த 12 திசைகளை ஒரே சமயத்தில் நோக்கும் 12 கற்றைகளை உண்டாக்கினர்.

இங்கே நேரம் எப்படி ஒன்றாக இருந்தது? கம்பி நீளங்களால்தான்! ஒவ்வோர் அலைவாங்கியிலிருந்தும் நடு அறைக்கு வரும் கம்பிப் பாதைகள் மின்சார அளவில் சமமாக இருந்தால் ஒரே கணத்தில் புறப்பட்ட அலைகள் ஒரே கணத்தில் வந்து சேரும். வேறு திசையைப் பார்க்க வேண்டுமென்றால் வேண்டிய அலைவாங்கிகளின் அலையைச் சற்றுத் தாமதப்படுத்த வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் சிறப்பான பணிகள் நடந்தன. நிலவு ஒரு வானொலி விண்மூலத்தை மறைக்கும் கணத்தை நுட்பமாகக் குறித்து, அந்த மூலத்தின் இடத்தையும் அளவையும் கணக்கிடும் முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலங்களை ஆராய்ந்தனர். தொலைவிலுள்ள மூலங்களின் கோண அளவுகள், பெருவெடிப்புக் கொள்கைக்குச் சாதகமாக அமைந்தன.

ஆனால் ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது. மூன்று கால்வாய்களின் நீர் ஏரியில் கலந்தபின் எந்தச் சொட்டு எந்தக் கால்வாயில் வந்தது என்று சொல்ல முடியுமா? 48 சமிக்ஞைகளைக் கூட்டி ஒன்றாக்கிய பிறகு அவற்றைப் பிரித்தெடுக்க எந்தக் கணிதத்தாலும் ஆகாது. வழிகள் குறைந்தால் பார்வை குறுகும்.

பெட்டியோடு பெட்டி

உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இதே நெருக்கடி இருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பம்போல் பலகைகளைச் செய்ததால் ஒருவர் பலகை இன்னொருவர் பெட்டியில் பொருந்தவில்லை. ஐரோப்பிய அணு ஆய்வுக்கூடங்கள் கூடி 1969ஆம் ஆண்டில் ‘காமாக்’ என்ற பொது விதியை வெளியிட்டன. ஒரு பெட்டியில் 25 இடங்கள். அவற்றில் அளவெடுக்கும் பலகைகளைச் செருகலாம். இடம் போதாவிட்டால் ஒரே கிளைத்தடத்தில் ஏழு பெட்டிகள் வரை கோத்துக் கணிப்பொறியுடன் இணைக்கலாம். வழிகளைப் பெருக்குவது, செங்கல்மேல் செங்கல் வைப்பது போல எளிதாயிற்று. 1981இல் ‘வி.எம்.இ.’ என்ற விரைவான தட முறையும் வந்தது.

செங்கற்கள் கிடைத்தன, சாந்து? அதாவது பலகைகள் எல்லாம் ஒரே கணத்தில் அளக்கச் செய்யும் ஏற்பாடு? அதன் அருமையை ஓர் எண்ணிக்கையால் பாருங்கள்.

264 வழிகள்

உதகைத் தொலைநோக்கியின் புதிய பதிவுமுறையைத் தேசிய வானொலி வானியற்பியல் மையமும் பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து வகுத்தன. 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகள் அதை விரிவாக விளக்குகின்றன. முதற்கட்டத்தில் 24 அலைவாங்கிகளுக்கு ஒரு வழி என்ற கணக்கில் 40 வழிகள். இரண்டாம் கட்டத்தில் நான்கு அலைவாங்கிகளுக்கு ஒரு வழி. 1,056ஐ நான்கால் வகுக்க 264 வழிகள். ஒவ்வொரு வழியின் சமிக்ஞையும் முதலில் எண்களாக மாற்றப்படும். அதன் பிறகே கூட்டலும் பெருக்கலும்.

எண்களாக மாற்றுவது என்றால் என்ன? ஏறி இறங்கும் மின்னழுத்தத்தைக் குறித்த இடைவெளிகளில் அளந்து அளந்து எழுதுவதுதான். இரண்டாம் கட்டத்தில் ஒரு வழியின் அலைவரிசை அகலம் 38 மெகாஹெர்ட்ஸ். இதை இழப்பின்றிப் பதிய வேண்டுமானால் அதன் இரு மடங்கு, அதாவது வினாடிக்கு 7 கோடியே 60 லட்சம் முறையாவது அளக்க வேண்டும். 264 வழிகளுக்கும் சேர்த்தால் வினாடிக்கு ஏறத்தாழ 2,000 கோடி எண்கள்! ஒரு பலகையால் ஆகும் வேலையா இது? பல பலகைகளை அலைவாங்கிகளுக்கு அருகிலேயே பரப்பி வைத்து, எண்களை ஒளியிழைகளில் நடுக் கணிப்பொறிகளுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

இத்தகைய பலகை ஒவ்வொன்றிலும் குவார்ட்ஸ் படிகக் கடிகாரம் ஒன்றை வைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நாம் கட்டும் நல்ல குவார்ட்ஸ் கடிகாரம்கூடப் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகலாம். நாளுக்கு 1.7 வினாடி, நமக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் வினாடிக்கு 7 கோடியே 60 லட்சம் முறை அளக்கும் இரண்டு பலகைகளுக்கிடையே இந்தப் பிசகு இருந்தால் ஒரே வினாடியில் ஒன்று மற்றதைவிட 1,520 அளவுகள் முந்திவிடும். அடுத்த வினாடியில் 3,040. இரண்டின் எண்களையும் ஒன்றுக்கொன்று ஒப்பிடுவது, இன்றைய செய்தித்தாளை நேற்றைய தாளோடு வரிக்கு வரி ஒப்பிடுவது போலாகும்.

மூன்று கட்டுப்பாடுகள்

ஆகவே பல பலகைகளைச் சேர்த்து ஒரே கருவியாக்க மூன்று கட்டுப்பாடுகள் தேவை.

முதலாவது, பொதுக் கடிகாரம். நடுவில் ஒரே நிலையான அலையியற்றி துடிக்கும். அதன் துடிப்பை எல்லாப் பலகைகளுக்கும் பகிர்வார்கள். சொந்தக் கடிகாரம் எதற்கும் கிடையாது.

இரண்டாவது, பொதுத் தொடக்கம். துடிப்பு ஒன்றானாலும் ஒருவர் பத்தாவது துடிப்பிலும் மற்றவர் பதினோராவது துடிப்பிலும் எண்ணத் தொடங்கினால் பயனில்லை. அணிவகுப்பில் கால்கள் ஒன்றாக எழுந்தால் மட்டும் போதுமா? முதல் அடியையும் எல்லாரும் இடது காலில் அல்லவா எடுத்து வைக்க வேண்டும்!

மூன்றாவது, முகவரி. ஒளியிழையில் வந்து சேரும் எண் கட்டு ஒவ்வொன்றும், எந்த வழியில், எத்தனையாவது துடிப்பில் அளந்தது என்ற குறிப்பைத் தாங்கி வர வேண்டும். பாதையில் ஒரு கட்டு தாமதமானாலும் முகவரி பார்த்து உரிய இடத்தில் சேர்த்துவிடலாம். இந்த வசதி பழைய கம்பி முறையில் இல்லை. நேரம் எண்ணாக எழுதப்பட்ட பிறகு பாதையின் தாமதம் நம்மை ஏமாற்றாது.

ஆனால் எண்ணாக மாறுவதற்கு முந்தைய தாமதம் ஏமாற்றும். ஏரிக்கரையில் நிற்கும் இருவருக்கும் நடுவிலிருந்து விசிலடித்து நேரம் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். 340 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு விசில் ஒரு வினாடி தாமதமாகத்தான் கேட்கும். கடிகாரத் துடிப்பும் அப்படியே. ஒளியே ஒரு நானோவினாடியில், அதாவது வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், 30 சென்டிமீட்டர்தான் செல்கிறது. கம்பியில் அதனினும் குறைவு. 326.5 மெகாஹெர்ட்ஸ் அலை ஒருமுறை ஏறி இறங்கும் காலம் 3 நானோவினாடி மட்டுமே. அரை மீட்டர் கம்பி கூடக்குறைய இருந்தால் அலை தலைகீழாகவே ஆகிவிடக்கூடும்!

இதைத் திருத்த ஓர் அழகான வழி இருக்கிறது. 264 வழிகளும் சம இடைவெளியில், 1.92 மீட்டருக்கு ஒன்றாக நிற்கின்றன. அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 34,716 இணைகள் கிடைக்கும். ஆனால் இடைவெளிகள் 263 வகைதான். முதலாவதும் இரண்டாவதும், இரண்டாவதும் மூன்றாவதும், நூறாவதும் நூற்றோராவதும் ஒரே இடைவெளி கொண்ட இணைகள். எனவே வானத்தைப் பற்றி அவை ஒரே விடையைத்தான் தர வேண்டும். மாறான விடை வந்தால் குற்றம் வானத்தில் இல்லை. ஏதோ ஒரு வழியில் இருக்கிறது. எந்த வழியில், எவ்வளவு என்று கணக்கிட்டுத் திருத்திவிடலாம். சாட்சிகள் பெருகப் பெருகப் பொய் தானே வெளிப்படுகிறது.

இவ்வளவு சிரமம் எதற்காக? சூரியனிலிருந்து வீசும் மின்துகள் காற்றை உதகைத் தொலைநோக்கி பல்லாண்டுகளாகக் கண்காணித்து வருகிறது. வழிகள் பெருகினால் ஒரே சமயத்தில் வானத்தின் அகன்ற பகுதியைப் பார்க்கலாம். மேலும், ஹைட்ரஜன் அணு வெளியிடும் 1,420 மெகாஹெர்ட்ஸ் அலை, பேரண்டம் விரிவதால் நீண்டு, 326.5 மெகாஹெர்ட்ஸாக நம்மை வந்தடையும் தொலைவு ஒன்று உண்டு. அங்கே ஹைட்ரஜன் பரவியிருந்த விதத்தைத் தேடுவதும் இத்திட்டத்தின் நோக்கம்.

அதே உதகையில் இன்னொரு கூட்டம்

உதகையிலேயே டாடா நிலையத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடமும் இருக்கிறது. அங்குள்ள கிரேப்ஸ்-3 அமைப்பில் 25,000 சதுர மீட்டர் பரப்பில் சுமார் 400 ஒளிர்வு உணர்விகள் எட்டு மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. அவற்றோடு மியூவான் என்ற துகளைக் கண்டறிய 3,712 எண்ணிகள். விண்ணிலிருந்து வரும் ஓர் ஆற்றல்மிக்க துகள் வளிமண்டலத்தில் மோதிச் சிதறி, துகள் மழையாக இறங்கும். அது 30 பாகை சாய்ந்து வந்தால் அடுத்தடுத்த இரு உணர்விகளை 13 நானோவினாடி இடைவெளியில் தொடும். பலகைகளின் கடிகாரங்கள் 13 நானோவினாடி பிசகினால், நேராக இறங்கிய மழை சாய்ந்து வந்ததாகப் பதிவாகும்.

இந்த ஒழுங்கின் பயன் பெரிது. 2014 டிசம்பர் 1ஆம் தேதி உதகையின்மேல் சென்ற ஓர் இடிமேகம், சில திசைகளிலிருந்து வரும் மியூவான்களின் எண்ணிக்கையைச் சிறிதளவு குறைத்தது. அந்தக் குறைவைக் கொண்டு மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் உண்டாகியிருந்தது என்று 2019இல் அறிவித்தார்கள். மேகத்தைத் தொடாமலேயே கிடைத்த அளவு இது!

உங்கள் ஊரில்

வழிகளைப் பெருக்கும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: நான் அளக்கும் பொருள் எவ்வளவு விரைவில் மாறுகிறது? வானொலி அலைக்கு நானோவினாடியின் சிறு பங்கும் பிசகக் கூடாது. துகள் மழைக்கு ஒரு நானோவினாடி அளவில் நுட்பம் வேண்டும். நிலநடுக்கத்துக்கு வினாடியின் சிறு பங்கு. ஏரி வெள்ளத்துக்குச் சில நிமிடங்கள் போதும். தேவைக்கு மேற்பட்ட நுட்பம் வீண்செலவு. குறைந்த நுட்பம் பொய்க்கணக்கு.

அந்தச் சில நிமிடங்களும் அலட்சியம் செய்யத் தக்கவை அல்ல. 2015 டிசம்பர் 1ஆம் தேதிப் பெருமழையில் காஞ்சிபுரம் மாவட்டத்து ஏரிகள் பல நிரம்பி வழிந்தன. அடையாற்றில் பெருகிய வெள்ளம் சென்னைக்குள் புகுந்தது. தொடராக அமைந்த ஏரிகளில் மேலே நடப்பதைக் கீழே இருப்பவருக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டுமானால், ஒவ்வொரு கலங்கலிலும் அளவி இருந்தால் மட்டும் போதாது. அந்த அளவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பேசவும் வேண்டும்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஆழமில்லாத வாய்க்கால் ஒன்றின் கரையில், பெரியவர்கள் துணையோடு, நூறு மீட்டர் இடைவெளியில் இரு நண்பர்கள் நில்லுங்கள். தேங்காய் மட்டை ஒன்றை மிதக்கவிட்டு, அது உங்களைக் கடக்கும் நேரத்தை அவரவர் கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள். பிறகு இரு கடிகாரங்களையும் பக்கத்தில் வைத்து வினாடி வரை ஒன்றாக்கிவிட்டு மறுபடியும் செய்யுங்கள். இரண்டு விடைகளையும் ஒப்பிட்டால், உதகை மலையில் 264 வழிகளுக்கு ஒரே கடிகாரம் எதற்கு என்பது உங்கள் கணக்கு நோட்டிலேயே தெரிந்துவிடும்.